காரணம் தருக

கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆளிடம் நாய்க்குட்டி கொடுக்கக் கூடாதென்று ஒரு சட்டம் வந்தால், முதல் கையெழுத்து நான் வைப்பேன். எங்கள் கூட்டமே ஒரு மாதிரியானது. விடை சரியாக இருந்தாலும் 'காரணம் தருக' என்ற இடத்தை வெறுமையாக விட்ட பிள்ளைக்குப் பாதிப் புள்ளிதான் போடுவோம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கரன்ட் போனால் காரணம் கேட்பேன். கறியில் உப்புக் கூடினால் காரணம் கேட்பேன். கரன்ட்காரர்கள் பதில் சொல்வதில்லை. மனைவி சொல்வாள், அது வெளியே சொல்லக்கூடிய பதிலாக இருக்காது. இப்படிப்பட்டவன் வீட்டு நாய்க்கு, உலகத்தில் எவ்வளவோ வருத்தங்கள் இருக்க, காரணமே அகப்படாத வருத்தம் ஒன்று தேடி வந்தது.

நாயின் பெயர் ஜிம்மி. தாய் பொமரேனியன். தகப்பனைப் பற்றி விசாரிக்க வேண்டாமென்று குட்டியைத் தந்த நண்பர் கேட்டுக்கொண்டார். பூனையைவிடச் சற்றே பெரிய உருவம், வெள்ளை மயிர், அந்த உருவத்துக்குச் சம்பந்தமில்லாத குரல். வயது 13. நாயின் ஒரு வருடம் மனிதனின் ஏழு வருடம் என்கிற பழைய வாய்ப்பாட்டில் போட்டால் 91 வரும். அந்த வாய்ப்பாட்டை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு வயது நாய் குட்டி போட்டுவிடுகிறது; ஏழு வயதுப் பிள்ளைக்குச் சப்பாத்து நாடா கட்டத் தெரியாது. 2020இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆராய்ச்சியாளர்கள் லாப்ரடோர் நாய்களின் மரபணுவில் வயதோடு சேர்கிற வேதிக் குறிகளை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டு வேறொரு சூத்திரம் கண்டார்கள். நாயின் வயதுக்கு இயற்கை மடக்கை எடு, 16ஆல் பெருக்கு, 31ஐக் கூட்டு. மடக்கை என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் இது எதற்கு உதவும் சேர் என்று கேட்ட பிள்ளைகள் எல்லாரையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டுக் காட்டலாமென்றிருந்தது. 13க்குப் போட்டுப் பார்த்தேன். 72 வந்தது. எனக்கு 68. லாப்ரடோருக்குச் சொன்ன கணக்கு இந்தக் கலப்படத்துக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. எப்படியோ, வீட்டில் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருப்பதை மனைவியிடம் அறிவித்தேன்.

"அதனாலதானே முதல்ல அவனுக்குச் சோறு வைக்கிறன்" என்றாள்.

எங்கள் உடப்பு, கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கிற மணல் ஊர். அது தை மாதம், கடல் அமர்ந்து கரைவலை இழுக்கிற காலம். விடியப்புறம் பால் கோப்பையோடு போய் ஜிம்மியைக் கூப்பிட்டேன். பாயை விட்டு எழும்பினான். எழும்பியவன் வலப்பக்கம் சரிந்தான். தலை வலத்தோள்மீது மடிந்திருந்தது. என்னிடம் நேரே வருவதாகத்தான் அவனுக்கு நினைப்பு. கால்கள் வலப்பக்கமாக வட்டம் போட்டு அவனைப் பாய்க்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சுவரில் மோதின. பொலிஷ் போட்ட சிவப்புச் சீமெந்துத் தரையில் நாலு காலும் நாலு திக்கில் வழுக்கின. திரும்ப எழும்பி, திரும்ப வட்டம். பிறகு வாந்தி. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது.

இத்தனை வருட உறவின் பலத்தில் நான் செய்த முதல் உதவி, கதிரைமேல் ஏறி நின்றது. ஆடித் திருவிழாவில் திரௌபதையம்மனுக்குத் தீ மிதிக்கிற ஊர் இது. என் தகப்பன் மிதித்தவர், அண்ணன் மிதித்தவன். அந்தப் பரம்பரையில் வந்தவன் ஒரு பொமரேனியனுக்குப் பயந்து பிளாஸ்டிக் கதிரையில் நின்றேன். எச்சில் வடிக்கிற நாய், தள்ளாடுகிற நாய் என்றால் இந்த நாட்டில் யாருக்கும் முதலில் வருகிற எண்ணம் ஒன்றுதான். "விசர்! விசர்!" என்று கத்தினேன். மனைவி குசினியிலிருந்து வந்தாள். தரையில் கிடந்தவனைப் பார்த்தாள், கதிரையில் நின்றவனைப் பார்த்தாள்.

"யாருக்கு?" என்று கேட்டாள்.

வருடா வருடம் போடும் தடுப்பூசியின் அட்டை, காணி உறுதிக்குப் பக்கத்தில் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அதை வாங்கித் தேதியைச் சரிபார்த்த பிறகு நான் இறங்கினேன். அதற்குள் அவள் அவனை மடியில் தூக்கி வைத்து வாயைத் துடைத்துவிட்டிருந்தாள்.

"இவன்ட கண்ணப் பாருங்க."

குனிந்து பார்த்தேன். கறுப்பு மணிகள் இரண்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. மெல்ல வலப்பக்கம் நகரும். எல்லை வந்ததும் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பும். மறுபடி மெல்ல வலம். கரும்பலகையில் உள்ளதை ஒன்றும் விளங்காமல் வாசித்து, வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு ஓடுகிற பிள்ளையின் கண் அப்படித்தான் ஓடும். காலமெல்லாம் அந்தக் கண்களுக்கு முன்னால் நின்று பழகியவன் நான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு மணி அடித்ததும் சுகமாகிவிடும்.

என் கூச்சல் கேட்டு ஊர் வந்தது. எங்கள் ஊரில் மருந்து கிடைக்கச் சுணங்கலாம், காரணம் சுணங்காது.

பக்கத்து வளவு மாமி வாசலிலேயே முடிவு சொன்னார். பேத்தை மீன். கரைவலையில் ஏறுகிற பேத்தையைச் சம்மாட்டிமார் கரையில் வீசிவிடுவார்கள். அது வயிற்றை ஊதிக்கொண்டு மணலில் கிடக்கும், சின்னப் பிள்ளைகள் உதைத்து விளையாடும். அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் சாகாது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது, தின்ற உயிருக்குக் கைகால் சோர்ந்து மூச்சு நின்றுவிடும். மாமி சொன்னதில் பிழையில்லை. ஆனால் ஜிம்மி கடற்கரையைக் கண்டு வருடக் கணக்காகிறது. வாசற்படியையே அவன் யோசித்துத்தான் இறங்குவான்.

"அவன் ஏன் போகணும்? காகம் கொண்டு வந்து போட்டிருக்கும்" என்றார் மாமி.

"காகம் சாகலையே?"

"அது கெட்டிக்காரக் காகம்."

மாமி இரண்டாவது காரணமும் கையோடு கொண்டு வந்திருந்தார். நாவூறு. போன வாரம் யாரோ ஒரு பெண், 'இந்த வயசிலும் என்ன வடிவான நாய்' என்றாளாம். அது ஜிம்மியைச் சொன்னதா என்று விசாரிக்க எனக்கு ஆசைதான். மனைவி பக்கத்தில் நின்றாள். உடனே செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடப்பட்டன. எங்கள் எல்லாருக்கும் இருமல் வந்தது. ஜிம்மிக்குத் தும்மல் வந்தது. தும்மிய வேகத்தில் இன்னொரு வட்டம் போட்டான். அப்போதுதான் மாமி அதைக் கவனித்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"வலமா இல்ல சுத்துறான்! கோயில் சுத்துற பக்கமா! ஐயோ, இது வருத்தமில்ல, வைரவர் கூப்பிடுறார். அவர்ட வாகனம் இல்லையா? வடைமாலை சாத்துறன்னு நேர்ந்துட்டன்."

"நீங்களா சாத்தப் போறீங்க மாமி?"

"நேர்ந்தது நான். சாத்துறது நீங்க."

அடுத்து மச்சான் வந்தான், என் மனைவியின் தம்பி. ஒரு காலத்தில் இறால் குளம் வைத்திருந்தவன். 1996இல் வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்து சிலாபத்திலிருந்து புத்தளம் வரை இறால் பண்ணைகளை வழித்துத் துடைத்தபோது அவனுடைய குளமும் போனது. காலையில் ஓட்டில் ஒரு வெள்ளைப் பொட்டுத் தெரியும், சில நாளில் குளமே கரையோரம் மிதக்கும். அன்றிலிருந்து எந்த வருத்தமானாலும் அவனுக்கு வைரஸ்தான். எனக்கு முழங்கால் வலி வந்தபோதும் வைரஸ் என்றுதான் சொன்னான். ஜிம்மியின் காதைப் புரட்டி, வாலைத் தூக்கி, வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று தேடினான். வெள்ளை நாயில் அது சுலபமான வேலையில்லை.

"தண்ணியிலதான் வந்திருக்கு. வடிச்சு, காய விட்டு, சுண்ணாம்பு போடணும்" என்றான்.

"நாயையா?"

"கிணத்த."

போகிற போக்கில் சட்டைப்பையிலிருந்து ஒரு பனடோல் எடுத்து உடைக்கவும் பார்த்தான். மனைவி கையைத் தட்டிவிட்டாள். அதைப் பிறகு நாங்கள் போன மிருக டொக்டரம்மா பாராட்டினார். மனிதர் வலிக்கு விழுங்குகிற குளிசைகளில் பனடோல் அளவு மிஞ்சினால் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்குமாம்; இபுபுரோபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பிடிக்குமாம். பாராட்டின்போது மனைவி டொக்டரம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். உடைக்கப் போனது அவள் தம்பி, பார்வை எனக்கு.

இதற்கிடையில் என்னோடு படிப்பித்த நண்பரொருவர் போனில் வந்தார். விபரம் கேட்டு, "மூளையில அடைப்பு, பக்கவாதம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பதின்மூன்று வயசு. ஏன் வதைக்கிறீங்க? ஒரு ஊசியோட முடிச்சு விடுங்க." நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். யார் என்ன சொன்னார்கள் என்று மனைவி கேட்டாள். கரன்ட் பில் விஷயம் என்றேன்.

சிலாபத்துக்குக் கொண்டுபோக, பத்துளுஓயாச் சந்தியில் நிற்கிற முச்சக்கர வண்டி நானாவை வரச் சொன்னோம். நல்ல மனிதர். பிஸ்கட் பெட்டிக்குள் துவாய் விரித்து அதில் ஜிம்மியை வைத்திருந்தேன். நானா பெட்டியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், உள்ளே போய் உரச்சாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி விரித்தார்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. இவர்ட வாய் ஈரம் சீட்டுல பட்டா நான் ஏழு தரம் கழுவோணும். அதுல ஒரு தரம் மண் போட்டு."

"மண்ணுக்கு உடப்புல பஞ்சமில்ல நானா."

"தண்ணிக்குத்தான் சேர் பஞ்சம்."

அப்படிச் சொன்னவர், ஒவ்வொரு குழிக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி, கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு போகிற கவனத்தில் ஓட்டினார். தாகத்தில் கிடந்த நாய்க்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்த ஒருத்திக்கு அல்லாஹ் பாவத்தை மன்னித்த கதையைத் தெதுறு ஓயாப் பாலம் வருகிற வரைக்கும் சொன்னார். பாலத்தில் ஜிம்மி வாந்தி எடுத்தான். பெட்டிக்குள்தான். நானா கண்ணாடியில் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

மிருக வைத்தியர் இளம் பெண். சிங்களவர். நான் மரியாதைக்காக என் உடைந்த சிங்களத்தில் தொடங்கினேன். அவர் மரியாதைக்காக அவருடைய உடைந்த தமிழில் பதில் சொன்னார். கடைசிவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அறையில் தன் மொழியில் பேசியது ஜிம்மி மட்டும்தான்.

"வயசு?"

"எழுபத்திரண்டு."

அவர் பேனாவை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நோயாளிட வயசு கேட்டது."

நான் மடக்கையை விளக்க வாய் திறந்தேன். மனைவி "பதின்மூன்று" என்றாள்.

காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தார், சீழ் இல்லை. ஈறைப் புரட்டிப் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல் இந்தப் பக்கம் தாராளம் என்று இரத்தம் எடுத்தார். காதுக்குச் சொட்டு மருந்து ஏதும் விட்டீர்களா, வயிற்றோட்டத்துக்கு மெட்ரோனிடசோல் அள்ளிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். சில மருந்துகளும் இந்தக் கூத்தைக் கொண்டு வருமாம். பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஜிம்மியை வயிற்றில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு முன்காலை எடுத்து, பாதத்தை மடித்து, புறங்கால் மேசையில் படும்படி வைத்தார். ஜிம்மி உடனே பாதத்தைத் திருப்பிச் சரியாக ஊன்றினான். அடுத்த கால், அதுவும் அப்படியே. நாலிலும் சரி. தன் கால் எங்கே, எப்படி இருக்கிறதென்று மூளைக்குத் தெரிகிறதாம். கண்மணியும் குறுக்காகத்தான் ஓடுகிறது. மேலும் கீழும் ஓடினால்தான் மூளையைச் சந்தேகிக்க வேண்டுமாம். பக்கவாதமில்லை, விசருமில்லை, பேத்தையுமில்லை. கிழட்டு நாய்களுக்குத் திடீரென்று வருகிற காதுச் சமநிலைக் கோளாறு.

காதுக்குள்ளே அரைவட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன. ஒன்றுக்கொன்று செங்குத்து. டொக்டரம்மா விரல்களால் காட்டும்போதே நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். எக்ஸ், வை, இசெட் அச்சுகள்! நாய்க் காதுக்குள் ஆண்டவன் முப்பரிமாணக் கேத்திரகணிதம் வைத்திருக்கிறான். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் குழாயில் நீர் அசையும், நீர் அசைந்தால் உள்ளேயிருக்கும் நுண்மயிர் வளையும், வளைந்த சேதி நரம்பு வழியே மூளைக்குப் போகும். இரண்டு காதும் சேதி அனுப்பும். மூளை இரண்டையும் ஒப்பிட்டு நடக்கும். ஜிம்மிக்கு வலக்காது சேதி அனுப்புவதை நிறுத்திவிட்டது. இடக்காது மட்டும் பேசுகிறது. சும்மா நிற்கிறவனுக்கு உலகம் சுழல்கிறது. சமாளிக்கப் பார்த்து, வலப்பக்கமே விழுகிறான்.

"சரி டொக்டர். வலக்காது ஏன் நின்றது?"

"தெரியாது."

"உங்களுக்கா?"

"யாருக்கும்."

எனக்கு மூச்சடைத்தது. தொற்று? இல்லை. கட்டி? அடையாளமில்லை. உப்புக் காற்று? சிரித்தார். பனி? இல்லை. முதல் நாள் இரவு டீவி சத்தத்தைக் கூட்டி வைத்துச் செய்தி பார்த்தேனே? மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வேறு காரணம் ஒன்றும் அகப்படாதபோது வைக்கிற பெயர்தான் இந்த வருத்தத்தின் பெயர் என்று டொக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பாடத்திட்டத்திலேயே காரணம் இல்லை என்கிறார். நான் அவருக்குப் பாதிப் புள்ளி போட்டேன், மனதுக்குள்.

மீதிப் பாதியை அவர் வேறு விதமாக வாங்கிக்கொண்டார். முதல் நாளைப் பார்த்துப் பயந்து, பக்கவாதமென்று நினைத்து, ஊசி போட்டு முடித்து விடச் சொல்லிக் கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேராம். மூன்று நாள் பொறுத்தால் மிக மோசமானது தாண்டிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் நடந்துவிடும். தலைச்சாய்வு மட்டும் சிலதுக்கு நின்றுவிடும். மருந்தென்று இதற்குத் தனியே எதுவுமில்லை. வாந்தி நிற்க ஊசி, பஸ்ஸில் தலைசுற்றுகிறவர்கள் போடுகிற இனத்தில் ஒரு குளிசை, மிச்சம் பொறுமை. போனில் வந்த நண்பரை நினைத்துக்கொண்டேன். இனி கரன்ட் பில்லைப் பற்றி அவரிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

பொறுமை என்றால் என்னவென்று வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. பொறுமை என்பது ஒரு துவாய். அதை ஜிம்மியின் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டு, அவன் மூத்திரம் போகிற இடத்தைத் தேடும் வரை பின்னால் குனிந்து நடக்க வேண்டும். அவன் தேடுவது வட்டத்தில். எனவே நானும் வட்டத்தில். வெள்ளைச் சாரமும் வழுக்கைத் தலையுமாக, முற்றத்தில் ஒரு நாயைத் துவாயில் தூக்கிக்கொண்டு வலம் வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியரை வேலிக்கு மேலால் பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றாததுதான் குறை. எதிர்வீட்டுச் சின்னவன் ஒருவன் தன் தாயிடம், "அம்மா, சேருக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

சிவப்புத் தரைமீது வீட்டிலிருந்த சாக்கு, பாய் எல்லாம் விரித்தோம், கால் வழுக்காமலிருக்க. மேசைக்கால்களுக்குத் தலையணை கட்டினோம். அவை என் தலையணைகள். இராத்திரியில் விளக்கை அணைக்கக் கூடாது. காது கைவிட்ட நாய்க்குக் கண்தான் ஊன்றுகோல், இருட்டில் அதுவும் போய்விடும். ஆகவே விடிய விடிய வெளிச்சம். தலையணையும் இருட்டும் இல்லாமல் அவன் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, தூக்கம் வராத மனைவிக்கு ராபர்ட் பாரனி என்கிற வியன்னா டொக்டரைப் பற்றிச் சொன்னேன். நோயாளிகளின் காதைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறபோது அவர்களுக்குத் தலை சுற்றுவதையும் கண்மணி ஓடுவதையும் அவர் கவனித்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஒரு பக்கம் ஓடும், சூடாயிருந்தால் மறுபக்கம். அதிலிருந்து உள்காதின் சமநிலை வேலையைப் பிடித்தார். 1914க்குரிய நோபல் பரிசு அவருக்கு. செய்தி வந்தபோது முதலாம் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்யர்களின் கைதி முகாமில் இருந்தார்.

"அவருக்குக் காரணம் தெரியுமா?"

"காது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியும். ஏன் திடீர்னு நிக்குதுன்னு..."

"அப்ப லைட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க" என்றாள்.

சோற்றையும் பாரைமீனையும் முள் எடுத்துப் பிசைந்து அவள் விரலில் ஊட்டினாள். எங்கள் கலியாணத்தில் ஊட்டியதோடு எனக்கு அந்தச் சேவை நின்றுவிட்டது. தண்ணீர்க் கோப்பையை நான் பிடிப்பேன். அவன் நாக்கு கோப்பைக்கு ஒரு சாண் வலத்தில் காற்றை நக்கும். கோப்பையை நகர்த்த வேண்டும். அதற்குள் நாக்கு அங்கிருந்து போய்விடும். ஊட்டுகிறபோது மீனில் கொஞ்சத்தைத் துப்பினான். அதை எடுத்துக்கொண்டு போன காகத்தை மாமி வேலியில் நின்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டரம்மா சொன்னது பலித்தது. கண்மணி முதலில் நின்றது. பிறகு வாந்தி நின்றது. வட்டம் மட்டும் நிற்கவில்லை. காலையில் மனைவி ஈர்க்குமாற்றால் முற்றத்து மணலைக் கூட்டிவிட்டுப் போவாள். அதன்மேல் ஜிம்மி தன் கால்தடத்தால் ஒரு வட்டம் எழுதுவான். துவாயை விட்டுவிட்டு, அளவு நாடாவை எடுத்து வந்து ஆரத்தை அளந்தேன். மறுநாள் அளந்தேன், கூடியிருந்தது. கொப்பியில் குறித்து வரைபும் போட்டேன். ஆரம் நாளுக்கு நாள் வளர்ந்தது. மாதுளை மரத்தைச் சுற்றினான், பிறகு மாதுளையையும் கிணற்றையும் சேர்த்துச் சுற்றினான், அதற்குப் பிறகு வேலி இடித்தது. என் வாழ்நாளில் இவ்வளவு அழகான தரவு எனக்குக் கிடைத்ததில்லை. ஆரம் முடிவிலியை எட்டினால் வட்டம் நேர்கோடாகிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் நம்பியதில்லை. ஒரு நாள் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் ஜிம்மி எழும்பி, விறாந்தையிலிருந்து படலை வரைக்கும் நேர்கோட்டில் ஓடி, படலைத் தூணைப் பார்த்துக் கடுமையாகக் குரைத்தான். தபால்காரர் தூணுக்கு இடப்பக்கம் நின்றார். அது சின்ன வழு. புறக்கணிக்கத்தக்கது.

தலை மட்டும் நிமிரவில்லை. வலத்தோளுக்குச் சரிந்தே இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அவன் எதையோ கூர்ந்து கேட்பதாகத் தோன்றும். நான் பத்திரிகை வாசித்து நாட்டு நடப்பை விளக்கும்போது எதிரே உட்கார்ந்து தலையைச் சாய்த்து முகத்தையே பார்க்கிறான். வகுப்பிலும் வீட்டிலும் எனக்கு இப்படியொரு கவனிப்புக் கிடைத்ததில்லை. அது நரம்பின் சேதம்தான் என்று மனைவி அடிக்கடி ஞாபகப்படுத்துகிறாள்.

இனி வந்தது கடன்காரர்களின் வரிசை. தானாக மாறுகிற வருத்தத்துக்கு வைத்தியம் செய்யாதவர் ஊரில் ஒருவருமில்லை. நாவூறு கழித்தது தான்தான் என்றார் மாமி. வடைமாலைக்கு நாள் பார்த்துவிட்டாரா என்று வைரவர் சார்பில் என்னையே கேட்டார். கற்பிட்டியில் படிப்பிக்கிற மனைவியின் சிநேகிதி, தலவில அன்னம்மாளுக்கு மெழுகுதிரி நேர்ந்திருந்தாளாம், மார்ச் பெருவிழாவுக்கு வரச் சொல்லிப் போன் எடுத்தாள். நானா துஆ கேட்டிருந்தார். காசு வேண்டாம், அந்த உரச்சாக்கைத் திருப்பித் தர முடியாத நிலை என்று மட்டும் சொன்னார். போனில் வந்த நண்பர், "நான்தானே கெதியா டொக்டர்ட்ட போகச் சொன்னன்" என்றார். ஊசியும் டொக்டர் வீட்டில்தானே இருக்கிறது, அந்த வகையில் அவர் சொன்னது சரி.

காரணம் தெரிந்த நோயென்றால் ஒருவருக்குத்தான் புகழ் போயிருக்கும். காரணம் தெரியாததால் எல்லாருக்கும் பங்கு கிடைத்தது. எனக்கும்தான். என்னுடைய அளவு நாடாதான் அவனை நேராக்கியதென்று இரண்டொருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மச்சான் மட்டும் விடவில்லை. கிணறு இறைக்கவேண்டும் என்றான். நாய் சுகமான பிறகு கிணற்றை ஏன் இறைப்பான் என்று கேட்டேன்.

"சுகமானது சரி. அது போன முறை. இனி வராம இருக்கத்தான் இது."

இந்தத் தர்க்கத்துக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே பங்குனி வெயிலில் மோட்டார் பம்பு வந்து இறங்கிவிட்டது. எப்படியும் வருடா வருடம் இந்த நாளில் இறைக்க வேண்டிய கிணறுதான், நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன் என்று மனைவி தன் தம்பிக்கு விளக்கியது என் காதில் விழுந்தது. வளையக் கிணற்றுக்குள் இறங்கக் கூடிய ஒல்லி உடம்பு அந்த வளவில் என்னுடையதுதான். சாரத்தை மடித்துக் கட்டி இறங்கினேன். அடியில் முழங்கால் வரைக்கும் சேறு, ஒரு பிளாஸ்டிக் குவளை, வருடங்களுக்கு முன் காணாமல் போன என் கவராயம். மேலே வட்டமாக வானம். அதன் விளிம்பில் மச்சானின் தலை, மாமியின் தலை, வலப்பக்கம் சரிந்த ஒரு வெள்ளைத் தலை.

"சுண்ணாம்பு வருது, பிடிங்க!" என்றான் மச்சான். வாளி இறங்கியது.

"மாலை எப்ப?" என்றார் மாமி.

மனைவியின் தலை கடைசியாக வந்து எட்டிப் பார்த்தது.

"சேத்த அள்ளினா கெதியா ஏறி வாங்க. உளுந்து ஊறிட்டுது, அரைக்கணும். மாமி 108 வடைன்னு நேர்ந்திருக்காவாம்."